மாத்துன்னுதான் சொன்னேன்

இல்ல அண்ணாச்சி, கண்ணுல தூசி விழுந்துட்டுன்னு சொல்லலாம்னு பாத்தா, பஸ்ஸு இன்னும் கிளம்பவே இல்லை. அழுதேன்தான். உள்ளதைச் சொல்லுததுக்கு என்ன? கல்யாண வீட்டுல இருந்து வாரேன். இன்னைக்குக் காலையில என் தங்கச்சி மவளுக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். மாலை போட்டாவ, பட்டு கட்டினாவ, சபையில என்னைத் தூக்கி வச்சுப் பேசினாவ. ஒரு குறை வைக்கலை. அதான் அழுதேன்.

விளங்கலை இல்லையா? விளங்காது. நீங்க சுரண்டையில இறங்குதவரு, நான் தென்காசி போறவன். நீங்க யாரோ, நான் யாரோ. அதனாலதான் சொல்லுதேன். ஊர்ல ஒருத்தர்கிட்ட இதைச் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரிகிட்டயே சொல்லலை. எல்லாத்தையும் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் பொய் சொன்னேனா இல்லையான்னு. ஒத்தை வார்த்தைதான் சொன்னேன் அண்ணாச்சி. அதுவும் உண்மையான வார்த்தை.

எனக்கு வேலை தங்கம் உரைக்கது. பேரு குற்றாலலிங்கம். தென்காசி நகைக்கடைத் தெருவுல என் பேரைச் சொன்னா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டுருவாவ. கருப்பா ஒரு கல்லு இருக்கும்லா, அதுல நகையை ஒரு இழுப்பு இழுப்பேன். பக்கத்துலயே ஆணியால ஒரு இழுப்பு. ஆணின்னா சுவத்துல அடிக்க ஆணி இல்ல, தரம் தெரிஞ்ச தங்கத்தை நுனியில பத்தவச்ச, அதான் சூட்டுல உருக்கி ஒட்டவச்ச குச்சி. ரெண்டு கோட்டையும் சேத்துப் பாத்தா எவ்வளவு மாத்துன்னு கண்ணு சொல்லிரும். மாத்துன்னா தெரியும்லா? பத்தரை மாத்துத் தங்கம்னு சொல்லுவோம்லா, அந்த மாத்து. தங்கத்தோட தரம். இதை ஞாபகம் வச்சுக்கிடுங்க, இந்த வார்த்தையிலதான் எல்லாம் கிடக்கு.

சந்தேகம்னா கோட்டு மேல ஒரு சொட்டு திராவகம். தங்கம்னா கோடு அப்படியே கிடக்கும். செம்புன்னா பச்சையாப் பொங்கி கோடே காணாமப் போயிரும். இப்ப மிஷின் வந்திருக்கு, அதுவும் மேலாப்புலதான் பாக்கும். உள்ளே என்ன கிடக்குன்னு தெரியணும்னா அரம் போடணும். கட்டி வளையல்னா ஓரத்துல அரத்தால ஒரு கீறல் கீறி, அந்தக் கீறின இடத்தைக் கல்லுல உரைக்கணும். அதான் முறை. மந்திரி கொண்டு வந்தாலும் சரி, கோயில்ல இருந்து வந்தாலும் சரி, கட்டி வளையலைக் கண்டா என் கை முதல்ல அரத்தைத்தான் எடுக்கும். மூளை அதுக்குப் பொறவுதான் முழிக்கும். இந்தக் கைதான் என்னைக் கெடுத்துது, பாத்துக்கிடுங்க.

எனக்கு ஒரே தங்கச்சி. உலகம்மா. நான் உலகுன்னு கூப்பிடுவேன். அவ கல்யாணத்துக்கு ஆறு மாசம் முன்னால அப்பா தவறிட்டாரு. சங்கரன்கோயில்ல மரக்கடை வச்சிருக்க குடும்பம் பெண் கேட்டு வந்தாவ. எங்க ஆசாரி இனந்தான், ஆனா அவிய மர வேலை, நாங்க பொன் வேலை. மாப்பிள்ளை பேரு ஆறுமுகநயினார். நல்ல பையன். அவன் அம்மா சண்முகத்தாய் அத்தைதான் எல்லாம். அவிய ஒண்ணும் அள்ளிக் கேக்கலை. "பொன்வேலைக்காரவ வீட்டுப் பொண்ணு, கையில ரெண்டு கட்டி வளையல் கிடந்தாப் போதும்"னாவ. அவ்வளவுதான் கேட்டாவ.

அது எங்கிட்ட இல்லை அண்ணாச்சி. அப்பா வைத்தியத்துக்கே எல்லாம் போயிட்டு. இல்லைன்னு சொல்லியிருக்கலாம். சொல்ல மானம் விடலை. செம்புல ரெண்டு வளையம் அடிச்சேன். மேல நல்ல தங்கத் தகடு, மெல்லிசு இல்ல, கனத் தகடு, சுத்திப் பத்தவச்சேன். பத்தவச்ச இடம் என் கண்ணுக்கே தெரியாது. சும்மா உரைச்சா எவனுக்கும் தெரியாது. அம்மாகிட்டக்கூடச் சொல்லலை. மணமேடையில நானே என் கையால உலகு கையில போட்டு விட்டேன். அவ வளையலைப் பாத்தா, என்னைப் பாத்தா. சிரிச்சா. சிரிச்சாளே, தப்பிச்சேன்னு நினைச்சேன்.

ஏமாத்தணும்னு செய்யலை. சத்தியமாச் செய்யலை. ஒரு வருஷத்துல நல்ல வளையல் ரெண்டு செஞ்சு, மெருகு போடணும்னு சொல்லி இதைக் கழட்டி வாங்கி, அதைப் போட்டு விட்டுரலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். அதுக்கு அடுத்த வருஷம் பையன் பிறந்தான். பொறவு வீட்டுல ஒழுகல். அப்படியே போயிட்டு. தீபாவளிக்கு வருவா, பொங்கலுக்கு வருவா, கையில அது பாட்டுக்கு மின்னிக்கிட்டுக் கிடக்கும். பாத்துப் பாத்து நானே அதைத் தங்கம்னு நம்ப ஆரம்பிச்சுட்டேன். இருபத்துநாலு வருஷம் அண்ணாச்சி! சொன்னா நம்புவியளா?

நடுவுல ஒரு தடவை உசிரு போயி உசிரு வந்துது. மரக்கடையில தீப்பிடிச்சு எல்லாம் சாம்பலாப் போன வருஷம். மாப்பிள்ளை வளையலைக் கேட்டிருக்கான், அடகு வச்சுக் கடையை எடுத்துக் கட்டலாம்னு. உலகு தர மாட்டேன்னுட்டா. அத்தை திட்டியிருக்காவ, மாப்பிள்ளை ரெண்டு அடியும் வச்சிருக்கான். கழட்ட மாட்டேன்னு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாளாம். எனக்கு ஆள் அனுப்பினாவ, வந்து உம்ம தங்கச்சிக்குப் புத்தி சொல்லும்னு. போனேன். எல்லாரும் இருக்கச்சில அவ சொல்லுதா, "எங்க அண்ணன் ஆசையாச் செஞ்சு போட்டது. செத்தாலும் கழட்ட மாட்டேன்"னு. அன்னையில இருந்து அந்த வீட்டுல அவளுக்குக் கல்நெஞ்சுக்காரின்னு பேரு. புருஷன் நடுத்தெருவுல நிக்கச்சிலயும் நகையைக் கட்டிக்கிட்டு அழுதவள்னு பேரு.

நானும் ஒப்புக்கு ரெண்டு வார்த்தை வஞ்சேன். "என்னட்டி இது, மாப்பிள்ளையை விட வளையலா பெருசு?"ன்னு கேட்டேன். கேட்டுட்டு வீட்டுக்கு வந்து, நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்கினேன். கோட்டிக்காரி, பைத்தியம் மாதிரி வளையல் மேல இம்புட்டு ஆசையா வச்சிருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்.

இப்ப ஏழு மாசத்துக்கு முன்னால கோமதிக்கு, அதான் அவ மவ கோமுக்கு, நல்ல இடத்துல நிச்சயம் ஆச்சு. அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆரம் செய்யணும், அம்மா கையில சும்மாதானே கிடக்கு, அதை உருக்கிருவோம்னு அத்தை சொல்லியிருக்காவ. உலகு, அப்படியே வளையலாவே பிள்ளைக்குப் போடுவோமேன்னு சொல்லிப் பாத்திருக்கா. எடுபடலை. சோப்புத் தண்ணி விட்டுக் கழட்டினாவளாம். கடைசியில, உருக்குததா இருந்தா எங்க அண்ணன்கிட்டதான் கொண்டு போகணும், வேற எவன் கையிலயும் தர மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னிருக்கா. ஏன் அப்படி நின்னான்னு எனக்கு அப்ப விளங்கலை.

ஒருநாள் பதினோரு மணி இருக்கும். கடையில நான் கல்லைத் துடைச்சுக்கிட்டு இருக்கேன். அத்தை, மாப்பிள்ளை, உலகு மூணு பேரும் வந்து நிக்காவ. அத்தை துணியில முடிஞ்சிருந்ததை அவுத்து என் முன்னால வச்சாவ. "தம்பி, இதை நல்லதான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க. உருக்கி கோமுக்கு ஆரம் பண்ணணும்"னாவ.

நீங்க இப்ப என்ன நினைக்கியன்னு எனக்குத் தெரியுது. 'வச்சுட்டுப் போங்க அத்தை, நானே உருக்கித் தாரேன்.' இதைச் சொன்னா முடிஞ்சுது. அண்ணன்காரன் சொன்னா யாரு மறுக்கப் போறா? ஏழு மாசத்துல உருண்டு புரண்டு தங்கம் சேத்து ஆரம் செஞ்சு குடுத்திருப்பேன். அந்த ஒத்தைச் சொல்லு என் வாயில வரலை அண்ணாச்சி. வாரதுக்கு முன்னால கை அரத்தை எடுத்துட்டு. நாப்பது வருஷப் பழக்கம். கட்டி வளையல், எடு அரத்தை, போடு கீறல். கர்ருன்னு ஒரு இழுப்பு. அப்பத்தான் மூளை முழிச்சுது. அடப் பாவி, இது நீ செஞ்சதுல்லான்னு. பாத்தா, கீறல்ல சிவப்பாத் தெரியுது. செம்பு. எதுக்க மூணு பேரும் குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்காவ.

கல்லுல உரைக்கக்கூட வேண்டாம். மர வேலைக்காரனுக்கும் தெரியும் செம்புக் கலரு. மாத்துக் கம்மி அத்தைன்னு சொல்ல வாயைத் திறந்தேன். "அத்தை, இது மாத்து..."ன்னேன். அவ்வளவுதான் வந்துது. கம்மிங்கது வரலை.

அத்தை என்னைப் பாத்தாவ. "மாத்தா?"ன்னாவ. அப்படியே உலகு பக்கம் திரும்பி, "மாத்திட்டியா? எங்க வளையலை மாத்திட்டியாட்டி?"ன்னாவ.

நான் சொன்னது மாத்து. தங்கத்தோட தரம். அவிய எடுத்துக்கிட்டது மாத்திட்டாள்னு. நான் சொன்னதுல பொய் எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க! திருத்தியிருக்கலாம், இல்லைங்கலை. அத்தை, நான் அதைச் சொல்லலை, தரத்தைச் சொன்னேன்னு திருத்தியிருக்கலாம். திருத்தினா அடுத்த கேள்வி என்ன வரும்? நீரு போட்ட வளையலுக்கு ஏன்யா தரம் இல்லைன்னு வரும். தெருவுல அத்தனை கடைக்காரனும் என் கல்லை நம்பித் தங்கம் வாங்குதான். சும்மா இருந்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

உலகு என்னைப் பாத்தா. கோவமாப் பாக்கலை. அப்படிப் பாத்திருந்தாக்கூடப் பரவாயில்லை. நான் பேசுவேன்னு பாத்துக்கிட்டு நின்னா. பொறவு சொன்னா, "ஆமா அத்தை. நான்தான் மாத்தினேன்"னு.

மாப்பிள்ளை அவ கையைப் பிடிச்சு முறுக்கி, எவனுக்குட்டி குடுத்தேன்னு கேக்கான், என் கடை வாசல்ல வச்சு. வாய் திறக்கலை அவ. அத்தை தலையில அடிச்சுக்கிட்டு, "அன்னைக்குக் கேட்டப்ப ஏன் கழட்டலைன்னு இப்பத்தானே தெரியுது, அப்பமே போயிருக்கு"ன்னாவ. ஆட்டோ பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போயிட்டாவ. போகும்போது அத்தை எங்கிட்ட, "நீங்க உண்மையைச் சொன்னிய தம்பி. தங்கச்சின்னு மறைக்கலை"ன்னு கும்பிட்டுட்டுப் போறாவ. என்னைக் கும்பிட்டுட்டுப் போறாவ அண்ணாச்சி!

அதுக்குப் பொறவு ஏழு மாசம் நான் அந்தப் பக்கம் போகலை. காதுல விழும். அத்தை பீரோ சாவியைப் பிடுங்கிட்டாவளாம். பால் வாங்கக்கூட கோமு கையிலதான் குடுக்காவளாம். அந்தப் பிள்ளை, பெத்த பிள்ளை, அவ அம்மாகூடப் பேச்சை நிறுத்திட்டாளாம். கல்யாணப் புடவை எடுக்கப் போனப்ப அவளை வீட்டுல விட்டுட்டுப் போனாவளாம். இதெல்லாம் கேட்டுட்டு நான் எப்படிச் சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன்னு கேக்காதீய.

சரி பண்ணிருவோம்னு முடிவு பண்ணினேன். வீட்டுக்காரியோட சங்கிலி, தோடு, என் மோதிரம், தாலிக்கொடியைத் தவிர எல்லாத்தையும் உருக்கினேன். அவளும் மூஞ்சி சுளிக்காமத் தந்தா. "உங்க தங்கச்சி பண்ணின காரியத்துக்குப் பிள்ளை என்ன செய்யும், பாவம்"னு சொல்லித் தந்தா. பாத்தியளா, என் வீட்டுலயும் உலகுக்கு அதுதான் பேரு. ரெண்டு வளையல் அடிச்சேன். உள்ளயும் வெளியவும் தங்கம். ராவு பகலா உக்காந்து அடிச்சேன்.

இன்னைக்குக் காலையில மண்டபத்துல, முகூர்த்தத்துக்கு முன்னால, சபையில எடுத்து வச்சேன். தாய்மாமன் சீர்னு சொன்னேன். ஒரு சலசலப்பு. கையோட கொண்டு போன கல்லு, அரம், திராவகம் எல்லாத்தையும் எடுத்து வச்சு நானே சொன்னேன், இங்க வந்திருக்க பொன்வேலைக்காரவ யாராவது அரம் போட்டு உரைச்சுப் பாருங்கன்னு. இலஞ்சி ஊர்க்காரர் ஒருத்தர் பாத்தாரு. ஓரத்துல கீறினாரு, உரைச்சாரு, திராவகம் விட்டாரு. கோடு அப்படியே கிடந்துது. "பத்தரை மாத்து"ன்னாரு சத்தமா. சபையே கை தட்டாத குறைதான்.

நான் என்ன நினைச்சேன்னா, வளையல் வந்துட்டுன்னா உலகு மேல உள்ள பழி போயிரும்னு. கூறுகெட்டவன். வளையல் வந்தா பழி எப்படிப் போகும்? அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சபையில சொல்லுதாவ, "அண்ணன்னா இப்படில்லா இருக்கணும்! தங்கச்சி தொலைச்சதைத் தன் வீட்டு நகையை உருக்கிக் கொண்டு வந்திருக்காரு"ன்னு. அப்படியே உலகு பக்கம் திரும்பி, "நீயும் இவர்கூடப் பிறந்தவதானே?"ன்னாவ. கோமு மேடையில இருந்து இறங்கி வந்து என் கால்ல விழுதா. "எங்கம்மா செஞ்சதை நீங்க சரி பண்ணிட்டிய மாமா"ன்னு சொல்லி அழுதா. அவ அம்மா ரெண்டு அடி தள்ளி, சந்தனக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. வெறும் கை. கண்ணாடி வளையல் நாலு கிடந்துது.

போதும், எல்லார் முன்னாலயும் சொல்லிருவோம்னு வாயைத் திறந்தேன். உலகு என் மூஞ்சியைப் பாத்த உடனே கண்டுக்கிட்டா. "அண்ணே, தேங்காய்ப் பை ஒண்ணு இறக்கணும், ஒரு கை பிடி"ன்னு சாமான் ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா.

கதவைச் சாத்தின உடனே அவ கால்ல விழப் போனேன். பிடிச்சு நிறுத்திட்டா. "உலகு, அது செம்புட்டி. நான்தான் உன் கல்யாணத்துல..."ன்னேன்.

"தெரியும்"னா.

"எப்பட்டி தெரியும்? என் கடையில அரம் போட்டப்பவா?"

"நீ போட்டு விட்ட அன்னைக்கே தெரியும். பொன்வேலைக்காரன் வீட்டுல பிறந்துட்டு எனக்குத் தங்கத்தோட கனம் தெரியாதா? கையில விழுந்த உடனே லேசா இருந்துது."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"என்ன சொல்ல? மணமேடையில இருந்து எந்திரிக்கவா? அப்பா செத்து ஆறு மாசம். நீ சட்டைப் பித்தானை மாத்திப் போட்டுக்கிட்டு நின்னே. பாவமா இருந்துது."

அப்பத்தான் அண்ணாச்சி எனக்கு ஒவ்வொண்ணா உறைக்குது. அடகு வைக்கக் கேட்டப்ப அடி வாங்கிக்கிட்டுக் கழட்டாம இருந்தாளே, ஆசையிலன்னு நினைச்சேனே! அடகுக் கடைக்காரன் அரம் போட்டா அண்ணன் மானம் போகும்னு கையை மூடிக்கிட்டு இருந்திருக்கா. இருபத்துநாலு வருஷமும் மூடிக்கிட்டு இருந்திருக்கா. கல்நெஞ்சுக்காரின்னு பேரு வாங்கிக்கிட்டு. நான் வேற போயி வஞ்சுட்டு வந்திருக்கேன். சுவத்துல தலையை முட்டிக்கிட்டேன். சின்னப் பிள்ளை மாதிரி ஓன்னு அழுதேன்.

"மைக்கைப் பிடிச்சு இப்பவே சொல்லிருதேன் உலகு. உன் பிள்ளைக்காவது தெரியட்டும்"னேன்.

"இப்பவா?"ன்னா. "மாப்பிள்ளை வீட்டுக்காரவ அத்தனை பேரும் உக்காந்திருக்காவ. நீ ஒரு தடவை செம்பு போட்டவன்னு தெரிஞ்சா, கோமு கையில கிடக்கதையும் கழட்டி உருக்கித்தான் பாப்பாவ. அவளையும் ஒரு மாதிரியாத்தான் பாப்பாவ. அவ போற இடத்துலயாவது நல்ல பேரோட இருக்கட்டும். சொல்லணும்னா அன்னைக்கு உன் கல்லு முன்னால நின்னோமே, அன்னைக்குச் சொல்லியிருக்கணும். அதுக்குத்தான் உங்கிட்டக் கொண்டு வந்தேன். நீ வாங்கி உள்ள வச்சுக்கிடுவேன்னுதான் கொண்டு வந்தேன்."

மாத்துன்னுதான் சொன்னேன், பொய் சொல்லலைன்னு அவகிட்டயும் சொன்னேன் அண்ணாச்சி. வெக்கங்கெட்டுப் போயி அதையும் சொன்னேன். கேட்டுக்கிட்டா. தலையைக்கூட ஆட்டினா.

பொறவு பையை எடுத்துக்கிட்டே சொன்னா, "இனிமே எங்க வீட்டுக்கு வராதண்ணே"ன்னு.

"ஏட்டி!"ன்னேன்.

"கோவத்துல சொல்லலை. நீ வந்தா உன்னை உசத்திப் பேசுவாவ. பேசி முடிச்சுட்டு என் பக்கம் திரும்புவாவ. இன்னைக்குப் பாத்தேல்லா. என்னால தினமும் முடியாது."

கதவைத் திறந்துக்கிட்டுப் போயிட்டா. நான் மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு வெளிய வந்தா, அத்தை என்னைத் தேடிக்கிட்டு இருக்காவ. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, கோமு மாப்பிள்ளையோட தகப்பனாருக்குப் பக்கத்துல இலை போட்டு உக்கார வச்சாவ. சாப்பிட்டேன் அண்ணாச்சி. எந்திரிச்சு வர முடியலை, சாப்பிட்டேன். பாயசம் கொண்டு வந்தது உலகுதான். இலையில ஊத்திட்டு, போதுமாண்ணேன்னு கேட்டா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாவ. போதும்னேன்.